உற்சவரின் முதுகு

கோயிலில் உற்சவ மூர்த்திக்குத் திருமஞ்சனம் நடக்கும் வேளையில் அருகிருந்து கண்டவர்களுக்கு ஒரு விஷயம் மனத்தில் பதிந்திருக்கும். பட்டும் மாலையும் களையப்பட்டுப் பாலும் சந்தனமும் வழிந்தோடும் அந்தச் சிறு பொழுதில், அர்ச்சகர் திருமேனியைச் சற்றே திருப்புகையில், ஆண்டு முழுவதும் எவர் கண்ணிலும் படாத முதுகுப்புறம் வெளிப்படுகிறது. முதுகுத்தண்டின் மெல்லிய பள்ளமும், பிடரியில் பொருந்திய சிரச்சக்கரமும், இடையாடையின் முடிச்சும், திருமுகத்துக்குக் கொடுத்த அதே சிரத்தையோடு அங்கே முடிக்கப்பட்டிருக்கின்றன. அதே கோயிலின் கோஷ்டத்தில் வீற்றிருக்கும் தக்ஷிணாமூர்த்திக்கோ முதுகு என்பதே இல்லை. கல் சுவரோடு சுவராக நின்றுவிடுகிறது. இரண்டிலும் ஸ்தபதி தவறு செய்யவில்லை. வீதியில் உலா வரும் திருமேனிக்கு எல்லாப் பக்கமும் வேண்டும். மாடத்தில் நிற்கும் மூர்த்திக்கு முன்பக்கம் போதும்.

கலைக் கல்லூரியில் சிற்பம் பயில விரும்பி விண்ணப்பிக்கும் மாணவனின் படைப்புகள் வீதியிலும் உலா வருவதில்லை, மாடத்திலும் நிற்பதில்லை. அவை படங்களாகிக் காகிதத்திலோ கணினித் திரையிலோ போய்ச் சேருகின்றன. 'போர்ட்ஃபோலியோ' என்று வழங்கப்படும் அந்தப் படைப்புத் தொகுப்பைத் தயாரிக்கும் வழக்கம் ஓவிய மாணவனுக்கு இயல்பான ஏற்பாடு. தட்டையான பொருளைத் தட்டையாகவே காட்டுவதில் நஷ்டம் அதிகம் இல்லை. கனமும் பருமனும் தொடுவுணர்வுமே உயிராகிய சிற்பத்துக்கு அவ்வழக்கம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கே நாம் பரிசீலிக்க வேண்டிய கேள்வி.

இக்கேள்வியைக் குப்பத்தில் இருந்துகொண்டு எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 1911-இல் சித்தூர் ஜில்லா உருவாகும் வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்து, 1953-இல் ஆந்திர ராஜ்யத்தோடு போய், இன்றளவும் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் சந்தையில் சிறிது கன்னடமுமாக வாழும் இந்த எல்லையூரில், ஜோலார்பேட்டை–பெங்களூர் இருப்புப்பாதையில் எந்தத் திசையில் ரயில் ஏறினாலும் ஒரு கலைப் பள்ளியை அடையலாம். கிழக்கே, 1850-இல் அலெக்ஸாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னைக் கலைப் பள்ளியும், 1957-இல் ஆரம்பமான மாமல்லபுரத்துச் சிற்பப் பயிற்சிக் கூடமும்; மேற்கே, 1960-இல் தோன்றிய கர்நாடக சித்ரகலா பரிஷத்து; மாவட்ட வழியே வடகிழக்கு நோக்கிப் போனால், அதே 1960-இல் தேவஸ்தானத்தார் திருப்பதியில் நிறுவிய பாரம்பரியச் சிற்பப் பள்ளி. காலடியில் கிடக்கும் மூலப் பொருளுக்கும் குறைவில்லை. வியாபாரிகள் 'குப்பம் கிரீன்' என்று பெயரிட்டுக் கப்பலேற்றும் பச்சைக் கல் இந்த மண்ணில் பிறப்பது. பலமனேரில் களிமண்ணைச் சுட்டு உருவம் செய்யும் தொழில் இன்னும் உயிரோடிருக்கிறது. எல்லைக்கு இருபுறமும் ஏரிக்கரையிலும் வயல்வரப்பிலும் நடுகற்கள் நிற்கின்றன. இத்தனையும் சூழ வளர்ந்த ஒரு பிள்ளை, தன் கைத்திறனைப் பத்திருபது படங்களில் அடக்கி அனுப்பு என்று கேட்கப்படும்போது எதை அனுப்புவான், எதை விட்டுவிடுவான் என்பதில்தான் இவ்வழக்கத்தின் குணமும் குற்றமும் வெளிப்படுகின்றன.

தொகுப்பு என்பது யாது என்று முதலில் சொல்லிவிடுவோம். நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் நேரில் செய்து காட்டும் பரீட்சையும் அதனோடு தொகுப்பும் கலந்து வழங்குகின்றன. மேல்நாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் தொகுப்பே பிரதானம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளி 12 முதல் 20 வரை படைப்புகளைக் கேட்கிறது. சிற்ப மாணவனின் தொகுப்பில் வனைந்த உருவங்களின் படங்களும், நேரில் பார்த்து வரைந்த கோட்டுச் சித்திரங்களும், வேலை எப்படி வளர்ந்தது என்று காட்டும் சில படிநிலைப் படங்களும், ஒவ்வொன்றின் கீழும் பொருள், அளவு, ஆண்டு ஆகியவற்றைச் சொல்லும் குறிப்பும் இருக்க வேண்டும் என்பது பொது மரபு. பின்புலம் வெறுமையாக இருக்க வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து விழ வேண்டும். ஒரே சிற்பத்தை இரண்டு மூன்று கோணங்களில் காட்ட வேண்டும் என்றெல்லாம் விதிகள் உண்டு.

இவ்வழக்கத்தின் முதற் சிறப்பு, அது மாணவனுக்குக் காலத்தைக் கொடுப்பது. ஒரு மண்டபத்தில், ஒரு குறித்த நாளில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு தலையை வனைந்து முடி என்று சொல்லும் பரீட்சை, பதற்றமற்றவனைத் தேர்ந்தெடுக்குமேயன்றி ஆழமுள்ளவனைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்கு உறுதியில்லை. பாரிஸ் நகரத்து நுண்கலைப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் 1857-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் இளைஞன் மும்முறை முயன்றான். சித்திரத்தில் தேறினான், சிற்பத்தில் மூன்று முறையும் தோற்றான். அவன் பெயர் ஒகுஸ்த் ரோதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மகத்தான சிற்பியை, சிற்பம் தெரியாதவன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிய பரீட்சையை நாம் அளவுக்கு மீறிப் புகழ்வதற்கில்லை. ஆண்டுக்கணக்காகச் செய்தவற்றை ஆற அமரத் தொகுத்துக் கொடுக்கும் வாய்ப்பு அவனுக்கு இருந்திருக்குமானால் முடிவு மாறியிருக்கும் என்று சாதிக்க முடியாது. அந்தக் காலத்து ருசியும் அவனுக்கு விரோதமாகவே இருந்தது. ஆயினும், ஒரு நாளின் தடுமாற்றம் ஓர் ஆயுளின் தீர்ப்பாகிவிடாமல் தொகுப்பு காக்கிறது என்பதை மறுக்க இயலாது.

இரண்டாவது சிறப்பு, தெரிந்தெடுக்கும் பயிற்சி. நாற்பது உருவங்களைச் செய்தவன் பத்தை எடுத்து வைத்து முப்பதை ஒதுக்கும்போது, இதுவரை கைக்கு மட்டுமே வேலை கொடுத்தவன் முதன்முதலாகத் தன் கண்ணுக்கும் வேலை கொடுக்கிறான். எது தன்னுடையது, எது பிறரைப் பார்த்துச் செய்தது, எதில் மண் தன் சொல்லைக் கேட்டது, எதில் தான் மண்ணின் சொல்லைக் கேட்டான் என்றெல்லாம் அவன் தன்னையே விசாரித்துக்கொள்ள நேர்கிறது. கல்லூரியில் இடம் கிடைக்காமலே போனாலும் இந்த ஆத்ம பரிசோதனை வீண்போவதில்லை.

மூன்றாவது சிறப்பு, நம் பக்கத்துக்கே உரியது; மேல்நாட்டு நூல்களில் இதைத் தேடிப் பயனில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதை நடந்து முடியும் படுகள நாளில், திறந்த வெளியில், பல ஆள் நீளத்துக்குத் துரியோதனன் உருவம் மண்ணால் படுக்கவைத்து எழுப்பப்படுகிறது. வண்டி வண்டியாகக் கொட்டிய மண்ணை மிதித்துக் குழைத்து, மார்பையும் தோளையும் மேடாக்கி, மீசையும் கிரீடமும் தீட்டி, தொடையில் செந்நீர்க் குடத்தைப் புதைத்து வைப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதையால் அடித்தவுடன் அது உடைகிறது, அம்மன் கூந்தல் முடிகிறாள், மறு மழையில் மாமன்னன் மண்ணோடு மண்ணாகிறான். திருப்பதி கங்கம்மா ஜாதரையின் கடைசியிலும், களிமண்ணால் சமைத்த அம்மனின் விசுவரூபம் சிதைக்கப்பட்டு, அம்மண்ணையே பிரசாதமாக ஜனங்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள். அழிவதற்கென்றே செய்யப்படும் இத்தகைய சிற்பத்தை எந்தப் பரீட்சை மண்டபத்துக்கும் கொண்டு செல்ல முடியாது. படுகளத்தில் மாமனுக்கோ பெரியப்பனுக்கோ மண் சுமந்து கொடுத்து, ஒரு முழங்காலை மட்டும் தன் கையால் உருட்டி முடித்த பையனுக்கு, அந்த முழங்காலின் ஒரு படமே சாட்சி. அந்த இடத்தில் புகைப்படம் சிற்பத்துக்குத் துரோகம் செய்யவில்லை. அதன் ஒரே நண்பனாக நிற்கிறது.

நான்காவதாக, முடிந்த பொருளோடு முடியாத நிலையையும் காட்டத் தொகுப்பு இடம் தருகிறது. இதன் அருமையை உணர மாமல்லபுரத்துக்குப் போனால் போதும். அங்கே முழுமை பெற்ற மண்டபங்கள் பல்லவச் சிற்பியின் வெற்றியைச் சொல்கின்றன. பாறையைச் சதுரம் சதுரமாகக் கோடிட்டு, இடைவெளிகளைக் கொத்திப் பிறகு கட்டங்களைத் தகர்த்தெடுத்த முறையையோ, பாதியில் நின்றுபோன வேலைகளே நமக்குப் போதிக்கின்றன. கழுகுமலை வெட்டுவான் கோயிலில் விமானத்தின் சிகரம் பூரணமாய்த் துலங்க, அடிப்பகுதி பாறையாகவே உறங்குவதைக் கண்டுதான், பாண்டிய நாட்டுச் சிற்பிகள் மேலிருந்து கீழாக இறங்கிவந்தார்கள் என்பதை நாம் பிரத்தியட்சமாக அறிகிறோம். அதுபோலவே, கம்பியை வளைத்துக் கட்டிய எலும்புக்கூடும், அதன்மேல் சுற்றிய வைக்கோற்புரியும், முதல் நாள் அப்பிய மண் மறுநாள் காய்ந்து வெடித்த விரிசலும் ஒரு மாணவனின் தொகுப்பில் இருக்குமானால், அவை மெருகேற்றிய பத்துப் பொம்மைகளைக் காட்டிலும் அவனைப் பற்றி அதிகமாகச் சொல்லும்.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற் குறை, மேலே சொன்ன முதுகைப் பற்றியது. சென்னைக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌதுரி படைத்து 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையை நாம் அனைவரும் படத்தில் கண்டிருக்கிறோம். நான்கு மனிதர் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள் என்ற செய்தி படத்தில் கிடைத்துவிடுகிறது. அந்தப் பாறையின் கனம் எவ்வளவு என்ற செய்தியோ, சுற்றிவந்து, அவர்களுடைய முதுகும் தொடையும் இறுகியிருக்கும் விதத்தை நடந்து நடந்து பார்ப்பவனுக்கே கிடைக்கிறது. சென்னைக் கலைப் பள்ளியிலிருந்து வந்த பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்தும் பற்றவைத்தும் செய்த உருவங்கள், கோயில் கவசங்களைப் போல முன்முகமாகவே நம்மோடு பேசுபவை. அவற்றை ஒரு நல்ல படம் ஏறக்குறைய முழுமையாகக் காட்டிவிடும். இருவரும் பெரிய சிற்பிகள். ஆனால் இருவருடைய இளமைக் காலப் படைப்புகளும் தொகுப்பாக ஒரே மேஜைக்கு வந்தால், படத்துக்கு இசைந்த சிற்பம் முந்திக்கொள்ளும், நடந்து பார்க்க வேண்டிய சிற்பம் பின்தங்கும். கலையின் தரத்தால் நேராத இந்த ஏற்றத்தாழ்வு, காட்டும் சாதனத்தால் நேர்கிறது. இதன் விளைவு இன்னும் ஆபத்தானது: தேர்வாளர் படத்தைத்தான் பார்க்கப் போகிறார் என்று அறிந்த மாணவன், நாளடைவில் படத்துக்காகவே வனையத் தொடங்குகிறான், திறந்த வெளியில் நிற்க வேண்டிய உருவத்தைக் கோஷ்டத்துச் சிலையாக்கிவிடுகிறான்.

படத்துக்கும் சிற்பத்துக்கும் உள்ள இந்த வழக்கு பழையது. ஹைன்ரிக் வோல்ஃப்லின் என்ற கலை வரலாற்றாசிரியர், பழைய சிற்பங்களுக்குச் சிற்பியே கருதிய ஒரு பிரதான நோக்குநிலை உண்டு என்றும், புகைப்படக்காரர்கள் மனம்போனபடி பக்கவாட்டில் நின்று எடுத்து அவற்றைக் கெடுக்கிறார்கள் என்றும் 1896-இல் முறையிட்டார். பின்னர் பாரிஸில் வாழ்ந்த சிற்பி பிராங்குசி, பிறர் எடுத்த படங்களில் திருப்தி கொள்ளாமல், தம் சிற்பங்களைத் தாமே படம் எடுத்தார். பளபளக்கும் வெண்கலத்தில் ஒளி சிதறுவதைக்கூட அவர் விலக்காமல் விரும்பி ஏற்றார். படம் என்பதும் ஒரு வியாக்கியானமே என்ற உண்மையை இவ்விருவரும் வெவ்வேறு வழியில் உணர்த்துகிறார்கள். பதினேழு வயது மாணவனிடம் சிற்பத்தோடு அதன் வியாக்கியானத்தையும் சேர்த்துக் கேட்கிறோம் என்பதைத் தேர்வாளர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாவது குறை, கையைப் பற்றிய ஐயம். அனுப்பப்பட்ட உருவத்தில் ஆசிரியரின் கட்டைவிரல் எவ்வளவு, மாணவனின் கட்டைவிரல் எவ்வளவு என்பதைப் படம் சொல்லாது. இங்கும் ரோதானின் சரித்திரமே உதவுகிறது. 1877-இல் அவர் காட்சிக்கு வைத்த 'வெண்கல யுகம்' என்ற ஆளுயர உருவம் அத்தனை தத்ரூபமாக இருந்ததால், உயிருள்ள மனிதன்மேல் நேராக அச்செடுத்து வார்த்துவிட்டார் என்று பழி கிளம்பிற்று. அவர் தமக்கு மாதிரியாக நின்ற போர்வீரனையே படம் எடுப்பித்து, சிலைக்கும் மனிதனுக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டிப் பார்த்தார், பழி தீரவில்லை. அவர் வெறுங்கையால், மாதிரி இல்லாமலே, விரைந்து வனைவதைக் கண்ணாரக் கண்ட சக சிற்பிகள் சாட்சி சொல்லி எழுதிய பிறகே, 1880-இல் அரசாங்கம் அச்சிலையை வாங்கியது. படம் ருசுப்படுத்த முடியாததைக் கையின் வேலை ருசுப்படுத்திற்று.

மூன்றாவது குறை, பணம். ஓவியனுக்குக் காகிதமும் வண்ணமும் போதும். சிற்ப மாணவனுக்குக் களிமண்ணைக் காயாமல் வைக்க இடம் வேண்டும். அச்செடுக்கச் சுண்ணச்சாந்து வேண்டும். செய்ததை உடையாமல் வைக்கத் திண்ணையாவது வேண்டும். வெண்கலம் என்றால் ஸ்வாமிமலைக்குப் போனாலும் மெழுகும் உலோகமும் சும்மா வருவதில்லை. இவற்றுக்கு மேல் நல்ல கருவியும் நல்ல விளக்கும் வைத்துப் படம் எடுப்பவன் ஒருவன் வேண்டும். பெருநகரங்களில் தொகுப்புத் தயாரித்துக் கொடுப்பதற்கென்றே பயிற்சி வகுப்புகள் முளைத்துவிட்டன. அங்கே கட்டணம் செலுத்தியவனின் சுமாரான உருவம் கறுப்புத் திரையின் முன் தெய்வீகமாக ஜொலிக்க, கொல்லைப்புறத்தில் சாக்குத் துணியைத் தொங்கவிட்டுக் கைப்பேசியில் எடுத்த அசலான உருவம் மங்கிக் கிடக்கிறது. திறமையை அளப்பதாகச் சொல்லும் கோல், வசதியையும் சேர்த்தே அளந்துவிடுகிறது.

நான்காவது குறையைப் பலரும் கவனிப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் அதுவே கொடியது. எது கலை என்று கருதப்படும் என்ற ஊகத்தில் மாணவன் தன் சொந்த அனுபவத்தையே மறைத்துவிடுகிறான். குப்பத்துப் பையன் கல் மெருகிடும் பட்டறையில் விடுமுறைக்கு வேலை பார்த்திருப்பான்; எந்தக் கல் எந்தப் பக்கம் பிளக்கும் என்பது அவன் உள்ளங்கைக்குத் தெரியும். படுகளத்தில் மண் மிதித்திருப்பான். பாட்டன் காலத்து நடுகல்லுக்குப் பொங்கலன்று மஞ்சள் பூசி, வீரனின் வில் எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை விரலால் தடவி அறிந்திருப்பான். தொகுப்பு என்று வந்தவுடன் இவை யாவும் 'வேலை', 'சாமி காரியம்' என்று ஒதுக்கப்பட்டு, எங்கோ அச்சிட்ட புத்தகத்தில் கண்ட கிரேக்கத் தலையும், இணையத்தில் கண்ட இரும்புக் குப்பைச் சிற்பமும் அவன் பக்கங்களை நிரப்புகின்றன. நூறு தொகுப்புகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்று தேர்வாளர்கள் அலுத்துக்கொள்ளும்போது, அந்த ஒற்றுமையை வளர்த்தவர்களில் தாங்களும் சேர்த்தி என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அப்படியானால் பழைய குருகுல முறையே மேலானது என்று சொல்லிவிடலாமா? ஸ்தபதியின் பட்டறையில் சேரவந்த சிறுவனிடம் எவரும் தொகுப்புக் கேட்கவில்லை. உளி தீட்டச் சொன்னார்கள். சிற்ப அளவு முறையாகிய தாளமானக் கணக்கில் உத்தம தசதாளத்துக்கு 124 அங்குலம் என்பதை மனனம் செய்யச் சொன்னார்கள். மாதக்கணக்கில் அவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவ்வளவு நீண்ட, அவ்வளவு நேர்மையான பரீட்சை வேறொன்றில்லை. ஆனால் அந்தப் பட்டறையின் வாயில் பெரும்பாலும் குலத்தையும் உறவையும் பார்த்தே திறந்தது என்பதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஓவியம் பயின்று, பின்னரே சிற்பத்தில் இறங்கி, அவ்வையாரை வெண்கலத்தில் வடித்து, சென்னைக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கிய எஸ். தனபாலைப் போன்ற ஒருவருக்கு வழிவிட்டது, யார் மகன் என்று கேளாத நவீனப் பள்ளியே. முன்பின் அறியாதவனும் தன் வேலையைக் காட்டி உள்ளே வரலாம் என்ற ஜனநாயகம் தொகுப்புக்குள் இருக்கிறது. அதை இழப்பதற்கு நாம் சம்மதிக்கலாகாது.

ஆகவே தொகுப்பை ஒழிப்பதைவிடத் திருத்துவதே உசிதம் என்று தோன்றுகிறது. இருபது படைப்புகளைக் கேட்பதற்குப் பதிலாக ஆறு ஏழு கேட்கட்டும். ஒவ்வொன்றையும் நான்கு புறமும் காட்டச் சொல்லட்டும். அந்த நான்கில் ஒன்று முதுகாக இருக்க வேண்டும் என்பது விதியாகட்டும். படத்தின் அழகுக்கு மதிப்பெண் இல்லை என்பதைத் தெளிவாக அறிவிக்கட்டும். தொகுப்பில் தேறியவனை நேரில் வரவழைத்து, அரை நாள், ஒரு கூடை மண்ணைக் கொடுத்துவிட்டு, பண்டத்தைப் பாராமல் கையை மட்டும் பார்க்கட்டும். ரோதானின் பழியைத் தீர்த்த உபாயம் அதுவே. மாணவனும் தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்யலாம். காலை வெயில் சாய்வாக விழும் திண்ணையைவிட நல்ல விளக்குக் கூடம் இல்லை. உருவத்தின் அளவு தெரியப் பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்தால் போதும். வெடித்த மண்ணையும் முறிந்த கம்பியையும் ஒளிக்க வேண்டியதில்லை. படுகளத்து முழங்காலுக்குக் கீழே, 'பொருள்: ஏரி மண், வைக்கோல், ஆயுள்: ஒரு நாள்' என்று எழுத வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

துணியும் மாலையும் மூடிவிடும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும் உற்சவரின் முதுகை ஸ்தபதி குறை வைக்காமல் முடித்தார். திருமஞ்சனத்தன்று அர்ச்சகர் ஒருவராவது பார்ப்பார் என்பது அவருக்கு நிச்சயம். மாணவனுக்கும் அந்த நிச்சயம் வேண்டும். தன் தொகுப்பைப் பிரிப்பவர் முன்பக்கத்தைப் பார்த்தவுடன் அடுத்த படத்துக்குப் போய்விடாமல், 'இதைக் கொஞ்சம் திருப்பிக் காட்டு, தம்பி' என்று கேட்பார் என்ற நம்பிக்கை இருந்தால், குப்பத்துப் பிள்ளை முதுகையும் முடித்தே அனுப்புவான்.